ஆண் சிலந்தி கிடைத்தது, பெண்ணைத் தேட வேண்டியிருந்தது

தாவும் சிலந்தி ஒன்றைப் புதிய இனமாக விவரித்து வெளியிட்ட அனுபவம் இது. முதல் கட்டுரை எழுதப்போகும் யாருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

நிறத்தையும் கோடுகளையும் மட்டும் நம்பிச் சிலந்தியை இனம்பிரிக்க முடியாது. பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்புதான் முடிவு சொல்லும். ஆண் சிலந்திக்கு அந்த வேலையைச் செய்வது வாயருகே உள்ள உணர்கால்கள். இடது உணர்காலைக் கழற்றி, எத்தனாலில் மூழ்கவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து அடிப்புறத்தையும் பக்கவாட்டையும் வரைந்தேன். இடது உணர்காலை வரைவதே வழக்கம். எல்லோரும் ஒரே பக்கத்தை வரைந்தால்தான் ஒப்பிட வசதி. அதன் ஓரத்துக் கொக்கி நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. உறவினங்கள் எதிலும் அப்படி இல்லை.

பிறகுதான் பெரிய வேலை. சிலந்திப் பெயர்களின் வரலாறு சுவீடன் இயற்கையாளர் கிளெர்க் 1757இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குகிறது. 2022இல் அறியப்பட்ட இனங்கள் 50,000-ஐ எட்டின. அவற்றில் பலவற்றுக்கு ஆண் மட்டுமே தெரியும், அல்லது பெண் மட்டுமே. என்னிடம் இருந்தது ஆண். அதே பேரினத்தில் பெண் மட்டும் அறியப்பட்ட இனம் ஒன்று இருந்தது. "இது அதன் ஆணாக இருக்கலாமே?" என்று மதிப்பாய்வாளர் கேட்டார். இப்படிக் கேட்பவர்களை முட்டுக்கட்டை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது நன்றிக்குரிய கேள்வி. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டால், அந்தச் சிக்கலை அவிழ்க்கப் பின்னால் வருபவர்கள் பாடுபட வேண்டும்.

அதே புதர்களில் தேடிப் பெண்ணையும் பிடித்தேன். இனங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுவின் வரிசை இரண்டிலும் ஒத்துப்போனது; ஒரே இனம்தான். பழைய இனத்தின் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியின் படங்களை அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்துப் பெண்ணுறுப்பை ஒப்பிட்டேன். துளைகளின் அமைப்பே வேறு. கட்டுரை கரைசேர்ந்தது அதனால்தான்.

ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறர் எடுத்துப் பார்க்கும்படி, அருங்காட்சியகத்தில் பதிவெண்ணோடு ஒப்படையுங்கள். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். சாதாரணப் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

விலங்குப் பெயரிடல் விதிகள் 2012 முதல் மின்வெளியீட்டை ஏற்கின்றன. ஆனால் இதழ் இணையத்தில் மட்டும் வருவதென்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து அதன் சான்று கட்டுரைக்குள்ளேயே இடம்பெற வேண்டும். இல்லையேல் பெயர் செல்லாது. மெய்ப்பு பார்க்கும்போது முதலில் அதைத் தேடுங்கள்.