தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், பூச்சி மாத்திரை போதுமா?

கேள்வி (தங்கச்சிமடத்திலிருந்து):

எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், வல்லத்தை மணலில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், அடுத்த அறை வரைக்கும் கேட்கும். எழுப்பிக் கேட்டால் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. காலையில் நெற்றிப்பொட்டு இரண்டும் வலி, வாயை அகலமாகத் திறந்தால் காதுப் பக்கம் ‘டக்’ என்கிறது, பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. போன மாதம் கருவாடு கடிக்கும்போது கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து வந்துவிட்டது. கடலுக்குப் போனால் ராத்திரி முழுக்க விழிப்பு, கரைக்கு வந்து பகலில் தூக்கம், அதனால்தான் இப்படி என்று நினைத்திருந்தேன், ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் ராத்திரி வீட்டில்தானே தூங்கினார், அப்போதும் குறையவில்லை, கடன் கவலையில் இன்னும் கூடினது போலத்தான் இருந்தது. மாமியார் வயிற்றில் பூச்சி என்கிறார். ஐந்து வயசுச் சின்னவனும் கடிக்கிறான், அதனால் அவர் சொல்வது சரியோ என்றும் படுகிறது. இரண்டு பேருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தால் நின்றுவிடுமா?

பதில் 1 (இராமநாதபுரம், பல் மருத்துவர்):

சகோதரி, மாத்திரையால் இது நிற்காது. பூச்சியால்தான் பல்லைக் கடிக்கிறார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சின்னவனுக்கு அங்கன்வாடியில் கொடுக்கிற அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், அது பூச்சியைப் போக்கும், அவ்வளவுதான். குழந்தைகள் நிறையப் பேர் கடிப்பார்கள், வளர வளரப் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். வலி, கூச்சம், குறட்டை எதுவும் இல்லையென்றால் அவனுக்கு வைத்தியம் தேவைப்படாது.

கவனிக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரரை. இதற்கு ப்ரக்சிசம் என்று பெயர். ஆழ்ந்த தூக்கத்தைவிட லேசான தூக்கத்தில்தான் அதிகம் வரும், மூளை சில நொடி அரை விழிப்புக்கு வரும்போது தாடைத் தசை இறுகிவிடுகிறது. சாப்பிடும்போது எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கும், தூக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் மெல்லுவதைவிடப் பல மடங்கு பலமாகக் கடித்துவிட முடியும். பல்லின் மேலே இருக்கிற எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. அது போய் உள்ளே இருக்கிற மஞ்சள் பகுதி தெரிய ஆரம்பித்தால் கூச்சம், அப்புறம் விரிசல், சில்லு பெயர்வது, அடைத்த பல் உடைவது. நெற்றிப்பொட்டு வலி தாடைத் தசையிலிருந்து வருகிற வலியாக இருக்கும், காதருகே ‘டக்’ சத்தம் தாடை மூட்டு.

அளவெடுத்து அக்ரிலிக்கில் ஒரு நைட் கார்டு செய்து தருவோம், இரவில் பல்மேல் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். கடிப்பதை அது நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாக அது தேயும், அதற்குத்தான் அது. ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்கிற வகை விற்கிறார்கள், சரியாகப் பொருந்தாது, அதை வாங்காதீர்கள்.

மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸடின், செர்ட்ராலின் மாதிரி மாத்திரை எடுத்தாலும் சிலருக்கு இது வரும். அப்படி ஏதாவது எடுத்தால் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தக்கூடாது. இன்னொன்று, குறட்டை உண்டா?

பதில் 2 (கீழக்கரை):

டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள் சகோதரி. எனக்கு இதே வலிதான். ஒரு இடத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், வலி அப்படியே இருந்தது, பல் மட்டும் போனது. பிறகு மதுரையில் தூக்கப் பரிசோதனை செய்தபோதுதான் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கிறது என்று தெரிந்தது. ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். இப்போது மூச்சுக்குழல் அடைக்காமல் காற்றை அழுத்திக் கொடுக்கிற சி-பேப் கருவி மாட்டித் தூங்குகிறேன், காலைத் தலைவலி போய்விட்டது, கடிப்பதும் நன்றாகக் குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். எல்லோருக்கும் காரணம் இதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் குறட்டைவிட்டு நடுவில் சத்தமே இல்லாமல் போய், அப்புறம் திணறி மூச்சு வாங்கினால் அதைச் சும்மா விடக்கூடாது. இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கிற விஷயம் அது.

பதில் 3 (மண்டபம்):

தங்கச்சி, நானும் கடல் தொழில்தான். வலை இழுக்கும்போது, ராத்திரி எல்லைப் பக்கம் ரோந்துக் கப்பல் வெளிச்சம் தெரியும்போது நாங்கள் எல்லாருமே பல்லை இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம், முழித்திருக்கும்போதே. பகல் பழக்கத்துக்கு டாக்டர் எனக்குச் சொன்னது இதுதான்: உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும், நாக்கு நுனி மேல் அண்ணத்தில் நிற்கட்டும். ஞாபகம் வரும்போதெல்லாம் செய்யச் சொல்லுங்கள். வெந்நீர்த் துணியால் தாடைக்கு ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். படுக்கப் போகும் முன்னால் கடுந்தேநீர், பீடி, குடி மூன்றும் வேண்டாம். மூன்றும் இதைக் கூட்டும். படகில் தேநீரை நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும், கரைக்கு வந்து தூங்கப் போகிற நேரத்திலாவது தவிர்க்கட்டும்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. குறட்டை உண்டு, நிறையவே உண்டு. நடுவில் சத்தம் நிற்கிறதா என்று கவனித்ததில்லை, இனிமேல் கவனிக்கிறேன். அண்ணன் சொன்ன நாக்குப் பயிற்சியை இன்றைக்கே அவரிடம் காட்டினேன், பல்லை இறுக்கியிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவருக்குக் கடல் இல்லை, அன்றைக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் பல் பிரிவா, மூச்சுக்கா?

பதில் 1 (பல் மருத்துவர்):

பல் பிரிவுக்கே வாருங்கள், சில்லு பெயர்ந்த பல்லில் விரிசல் எவ்வளவு ஆழம் என்று உடனே பார்க்க வேண்டும். அங்கேயே குறட்டையைச் சொன்னால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். மேல் பல்லுக்கு நைட் கார்டு போட்டால் மூச்சு நிற்கிற தொந்தரவு சிலருக்குக் கூடலாம், அதனால் கார்டுக்கு அளவெடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். அவர் தூங்கும்போது கொஞ்ச நேரம் செல்போனில் சத்தத்தோடு வீடியோ எடுத்து வாருங்கள்.