பாக்ஸர் நாய் மயங்கி விழுந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள்

ராணியின் நெஞ்சகலத்தையும் தொடையில் திரண்ட தசையையும் பார்த்தே எதிரில் வருபவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பாக்ஸர் பெண் நாய், 26 கிலோ. ஆனால் தெரிந்தவர் யாராவது வாசலுக்கு வந்துவிட்டால் போதும், உடம்பைப் பிறை மாதிரி வளைத்து, மூக்கு வாலைத் தொடுகிற அளவுக்குக் குழைந்து, பக்கவாட்டிலேயே நகர்ந்து வருவாள். வாயோரம் தொங்கும் எச்சில் வந்தவர் உடையில் ஒட்டாமல் இருக்காது.

இந்த இனத்துக்கு உடம்பு சீக்கிரம் வளர்ந்துவிடும், புத்தி நிதானமாகத்தான் வரும். ராணிக்கு மூன்று வயது வரை குட்டித்தனம் போகவில்லை. கடிக்க மாட்டாள், முன்னங்கால் இரண்டையும் தூக்கி அடிப்பாள். அப்போது இரண்டு வயதான என் மகன் எத்தனையோ முறை விழுந்து எழுந்திருக்கிறான். அதட்டினால் மூலையில் போய்ச் சுருண்டுகொள்வாள், பாடம் மட்டும் ஏறாது. நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவிக் கொடுப்பது என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்ட பிறகுதான் மாறினாள். சிறு குழந்தை உள்ள வீடு என்றால், எவ்வளவு சாதுவான பாக்ஸராக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அவளுக்கு ஆறு வயதில், ஒரு நாள் மாலை பந்து எறிந்தேன். பத்தடி ஓடியிருப்பாள், பின்னங்கால் மடிந்து அப்படியே சாய்ந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துப் போயிருந்தது. அரை நிமிடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வாலாட்டினாள். சப்பை மூக்கு நாய்க்கு உடம்புச் சூடு எளிதில் தணியாது, அதனால்தான் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து விட்டுவிட்டேன். அன்று குளிர்ந்த காற்று வீசியதை ஏன் யோசிக்கவில்லை என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அடுத்த மாதம் என் மனைவி வீடு திரும்பிய சந்தோஷத்தில் துள்ளியவள், மறுபடி விழுந்தாள். முதலில் பார்த்த மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவது மருத்துவர்தான் விளக்கினார்: பாக்ஸர்களுக்குப் பரம்பரையாக ஒரு இதய நோய் வரும். வலது கீழறைத் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்து, துடிப்பு தாளம் தப்பும். பரிசோதிக்கிற அந்த நிமிடத்தில் தப்பாவிட்டால் காதுக்குச் சிக்காது. இதயத் துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் நெஞ்சில் கட்டிப் பார்த்தோம், பிடிபட்டது. மாத்திரை தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது.

அப்புறம் ஒன்று. அறுவை சிகிச்சையோ பல் சுத்தமோ எதற்கு மயக்க மருந்து கொடுத்தாலும், அசெப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்து பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சில பாக்ஸர்களுக்கு அது ரத்த அழுத்தத்தை மோசமாக இறக்கிவிடும். தோலில் சின்னக் கட்டி தெரிந்தாலும் ஊசி வைத்துச் சோதித்துவிடுங்கள். மாஸ்ட் செல் புற்றுநோய் இந்த இனத்தில் அதிகம்.

*

அண்ணா, எங்களுடையது வெள்ளை பாக்ஸர், பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளையாகப் பிறப்பவற்றில் இது அதிகம் என்று குட்டியை வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கைச் சைகையில் எல்லாம் கற்றுக்கொண்டான். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறுவான். படுக்கைக்குப் பக்கத்தில் தரையை மெல்லத் தட்டுவோம், அந்த அதிர்வில் கண் திறப்பான். உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது ஓட விடுவதில்லை, ஆழமான நெஞ்சு உள்ள நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் பயம். ராணியை இப்போது ஓட விடுகிறீர்களா?

*

இல்லை சகோதரி. கயிற்றோடு மெதுவான நடை, வழியெல்லாம் மோப்பம் பிடிக்க விட்டுவிடுவேன். பழைய பந்தை இன்னும் கவ்வி வந்து என் காலடியில் போடுகிறாள். எறிவதில்லை, அவள் மூக்கு வரை உருட்டி விடுகிறேன்.