71 வயசு அம்மாவுக்குத் தினமும் ஆஸ்பிரின் தேவையா? (சுங்கை சிப்புட், மலேசியா)

சிப்புட்_மகள்
அம்மா இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். மாரடைப்பு வந்ததில்லை, ஸ்டென்ட் (இதயக் குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்ததில்லை, இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பழைய மைலோ டின்னுக்குள் நாலு அட்டை ஆஸ்பிரின் கிடைத்தது. பக்கத்து வீட்டு மாமா "நெஞ்சுக்கு நல்லது" என்று கொடுத்தாராம், எட்டு மாதமாகத் தினம் ஒன்று போட்டிருக்கிறார். முழங்கைக்குக் கீழே அங்கங்கே நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது, சுவரில் இடித்துக்கொண்டிருப்பார் என்று நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். நிறுத்தச் சொல்லவா?

காண்டாவாளி
நிறுத்தாதே தங்கச்சி. எனக்கு ஸ்டென்ட் வைத்து ஏழு வருசம், அன்றிலிருந்து தினம் போடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். இரத்தம் இளகி ஓடினால் அடைப்பு எப்படி வரும்? எனக்கு நல்லது செய்வது அம்மாவுக்கு மட்டும் கெடுதல் செய்யுமா?

மருந்தக_அக்கா
அண்ணே, நீங்கள் போடுவது சரி, ஸ்டென்ட் வைத்தவர் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அம்மா கதை வேறு, அவருக்கு இதய நோயே இன்னும் வரவில்லை. "தினம் ஒரு ஆஸ்பிரின்" என்ற பழக்கத்துக்குப் பெரிய பலம் கொடுத்தது 1980களில் அமெரிக்காவில் 22,071 டாக்டர்களை வைத்து நடந்த ஆய்வு. மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த 22,071 பேரும் ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை. அதை வைத்துத்தான் நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் மாத்திரை போனது. பிறகு 39,876 பெண்களைப் பத்து வருசம் பார்த்து 2005இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில் பெண்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம் கொஞ்சம் குறைந்தது, வயிற்றில் இரத்தக்கசிவு கூடியது.

லயத்துப்_பேரன்
அக்கா பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களைத் தனியாகப் பார்த்தபோது மாரடைப்பு குறைந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு 71. அப்படியென்றால் மாமா கொடுத்தது அவ்வளவு தப்பில்லையே?

மருந்தக_அக்கா
அந்த வரி உண்மைதான் தம்பி, நானே ஒரு காலத்தில் அதைக் காட்டி வாதாடியிருக்கிறேன். ஆனால் அது பெரிய ஆய்வுக்குள் ஒரு சிறு பகுதி. வயதானவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரை எடுத்து, பெரும்பாலோர் 70 தாண்டியவர்கள், பாதிக்கு மேல் பெண்கள், 2018இல் முடிவு சொன்னார்கள். தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினால் இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய இரத்தக்கசிவு கூடியது. 2022இல் அமெரிக்க வல்லுநர் குழு, 60 தாண்டியவருக்கு இதய நோய் வருமுன் காக்க என்று ஆஸ்பிரின் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. தங்கச்சி, அம்மா கையில் உள்ள நீலத்தைச் சாதாரணமாக எடுக்காதே. வயிற்றில் இரத்தம் கசிகிறதா என்று தெரிய, மலம் கறுப்பாகப் போகிறதா என்று இன்றைக்கே கேள், போனால் நாளை வரை காத்திருக்காதே.

காண்டாவாளி
இதைத்தான் நான் நம்ப மாட்டேன் என்கிறேன். என் அண்ணிக்கு மாதவிடாய் நின்றதும் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று கொடுத்தார்கள், சில வருசத்தில் அதுவே இதயத்துக்கு ஆபத்து என்றார்கள். இன்றைக்கு ஒரு பேச்சு, நாளைக்கு ஒரு பேச்சு. அந்த ஆய்வில் இருந்த பெண்களில் யார் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போனவர்? எங்கள் பெண்கள் தோளில் பால் வாளிக் காண்டா சுமந்து மேடு ஏறி இறங்கினவர்கள், அவர்கள் நெஞ்சு வேறு.

மருந்தக_அக்கா
ஹார்மோன் விசயத்தில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் பேச்சு மாறியது ஏன்? முதலில் மாத்திரை போட்ட பெண்களையும் போடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டார்கள். போட்டவர்கள் வசதியானவர்கள், ஒழுங்காக டாக்டரிடம் போகிறவர்கள், அதனால் இதயமும் நன்றாக இருந்தது, பெயரை மாத்திரை வாங்கிக்கொண்டது. பிறகு 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்கியது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரையும் மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. 10,000 பெண்கள் ஒரு வருசம் போட்டால் இதய நோய் 7 பேருக்குக் கூடுதல், பக்கவாதம் 8 பேருக்குக் கூடுதல். 2002இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். தப்பைக் கண்டுபிடித்து அவர்களே வெளியே சொன்னார்கள், அதனால்தான் எனக்கு நம்பிக்கை.

லயத்துப்_பேரன்
என் பாட்டியும் காண்டா சுமந்தவர்தான் அண்ணே. கோயில் படி நாலு ஏறினாலே மூச்சு வாங்கும், தாடை வலிக்கிறது என்பார், குமட்டும். வாயு என்று ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தோம். கிளினிக்கிலும் வாயு மருந்துதான் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது நாள் போய்விட்டார், 66 வயசு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நினைத்திருந்தோம், பெண்களுக்கு இப்படியும் வரும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

காண்டாவாளி
மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. பாட்டி கடைசி வரை வேலைக்குப் போனாரா?

லயத்துப்_பேரன்
இல்லை அண்ணே. தோட்டத்தை விற்றதும் மலிவு அடுக்குமாடிக்கு வந்தோம், மூன்றாவது மாடி. அதற்குப் பிறகு டிவியும் டின் பால் தேநீரும்தான், மார்க்கெட்டுக்குக்கூட நாங்களே போய்வந்தோம். இனிப்பு நீரும் அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

மருந்தக_அக்கா
அண்ணன் சொன்ன மேடு ஏறின நடை அந்த மூன்றாவது மாடியில் நின்றுபோயிருக்கிறது. சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களின் இடுப்பில் கருவி கட்டி எண்ணிய ஆய்வு 2019இல் வந்தது. நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களில் இறப்பு 41 சதவீதம் குறைவு, 7,500 காலடிக்கு மேல் பலன் பெரிதாகக் கூடவில்லை. இதுவும் சும்மா ஒப்பிட்டுப் பார்த்ததுதான், நடக்க முடிகிறவர்களே நடந்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்டால் அது சரியான கேள்வி. ஆனால் நடந்தால் வயிற்றில் இரத்தம் கசியாது.

காண்டாவாளி
நடையை ஒத்துக்கொள்கிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் அடுத்துத் தலையில் கட்டாதே.

மருந்தக_அக்கா
கட்டவில்லை. ஸ்டேட்டின் என்ற அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை பெண்களுக்கும் ஆண்களைப் போலவே உதவுகிறது என்று 1,74,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது, ஆனால் 75 தாண்டியவர்களில் நோய் வருமுன் கொடுப்பதற்கு ஆதாரம் குறைவு. அம்மாவின் கொலஸ்ட்ரால், சீனி, அழுத்தம் மூன்றும் தெரியாமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40இல் பெயர் இருந்தால் பரிசோதனை இலவசம், 40 வயதிலிருந்தே உண்டு.

சிப்புட்_மகள்
கேட்டுவிட்டேன், மலம் கறுப்பாக இல்லை என்கிறார். அரசாங்கக் கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன், இன்றைக்கு ஆஸ்பிரின் போட வேண்டாம், நாளைக் காலை அழைத்து வாருங்கள் என்றார்கள். மைலோ டின்னை அப்படியே எடுத்துப் போகிறேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அம்மா கவலைப்படுகிறார்.

காண்டாவாளி
மாமாவிடம் நான் பேசுகிறேன், எந்தத் தாமான் (குடியிருப்பு) என்று தனியாக அனுப்பு.