பொண்ணுக்கு இடது கை கோல்ஃப் மட்டை தேவை: கிருஷ்ணகிரி, ஓசூர் நண்பர்கள் உதவுங்க

வணக்கம். பத்தாவது படிக்கும் என் பொண்ணு, பெங்களூருல இருக்கிற அவ மாமா கூட்டிட்டுப் போனதுல கோல்ஃப் மேல பைத்தியமாயிட்டா. நாங்க காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்புல பிளாஸ்டிக் பந்தை வெச்சு அடிக்கிறா. "பணக்காரங்க ஆட்டம்"னு தெருவே சிரிக்குது. முதல்ல நானும் சிரிச்சேன்.

போன மாசம் மாமாவோட ஆடும்போது புல்லுக்குள்ள இருந்த பந்து இவ மட்டை பட்டு லேசா நகர்ந்திருக்கு. யாரும் பார்க்கல. இவளே சொல்லி ஒரு அடி அபராதம் சேர்த்துக்கிட்டாளாம். 1925 அமெரிக்க ஓபன் போட்டியில பாபி ஜோன்ஸ்ங்கற அமெரிக்க கோல்ஃப் வீரர் இப்படித்தான் தன் மேல தானே அபராதம் போட்டுக்கிட்டார், கடைசியில பட்டமும் போச்சுன்னு எனக்கே பாடம் எடுக்கறா. முன்னெல்லாம் ஒரு மார்க் குறைஞ்சா வீட்டையே ரெண்டாக்குவா. இப்போ "அடுத்த அடியைப் பார்ப்போம்"ங்கறா.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவதா வந்த பெங்களூரு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்தான் இவளுக்கு எல்லாம். விளையாட்டு அறிவியல் படிக்கணுமாம்.

விஷயத்துக்கு வர்றேன். இவளுக்கு இடது கைப் பழக்கம், பழைய மட்டை கிடைக்கவே மாட்டேங்குது. விதிப்படி 14 வரை வெச்சுக்கலாம், எங்களுக்கு ஏழாம் நம்பர் அயர்ன்ங்கற மட்டை ஒண்ணும், பந்தைக் குழிக்குள்ள உருட்டி விடுற பட்டர் (putter) மட்டை ஒண்ணும் போதும். ஓசூர் பக்கம் ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு விடுற இடம் இருக்கா? கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுல சேர்ந்தவங்க யாராவது கோல்ஃபுக்கும் இடம் உண்டான்னு சொல்லுங்க. மட்டைக்கு விலை கேட்டாலும் கொடுத்துடறேன், ஒரு கூடை மாங்காயும் சேர்த்து.