ஜப்பான் பள்ளியில் உதவி ஆசிரியை: இரண்டாம் வருடமும் விருந்தாளிதானா?

மலையோரம்:
வணக்கம். நான் சிங்கப்பூர்ப் பெண். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு வரவழைக்கும் ஜப்பானின் ஜெட் திட்டத்தில் வந்து ஷிமானே மாகாணத்தில் ஏஎல்டியாக, அதாவது உதவி ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். இது இரண்டாம் வருடம். ஒரு நடுநிலைப் பள்ளி, மூன்று தொடக்கப் பள்ளிகள் என்று சுற்றி வருகிறேன்.

பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தால்கூட ஓடி வந்து பேசுவார்கள். எனக்கு மனசு கனப்பது ஆசிரியர் அறையில்தான். காலைக் கூட்டத்தில் அறிவிப்புகள் மளமளவென்று போகும், என் ஜப்பானிய மொழிக்குப் பாதிதான் பிடிபடும். மூன்றாம் பீரியட் ரத்து என்பது வகுப்பு வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரியும். தேர்வு நாட்களில் எனக்கு வகுப்பே கிடையாது. சுற்றிலும் எல்லோரும் தலை நிமிராமல் வேலை பார்க்க, நான் மட்டும் மேஜையில் உட்கார்ந்திருப்பேன். காலணி அலமாரியில் மற்ற ஆசிரியர்களுக்குக் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கிறது. என் கட்டத்தில் இருப்பது 'ஏஎல்டி'. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்து ஸ்டிக்கர் அது, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது.

நன்றாகப் பழகிய ஆங்கில ஆசிரியைக்கு மார்ச் கடைசியில் இடமாற்றம் வந்தது. ஏப்ரலில் அவர் மேஜையில் வேறொருவர். மறுபடியும் முதலிலிருந்து.

மூன்றாம் வருடத்துக்குச் சம்மதமா என்று விரைவில் சொல்லியாக வேண்டும். ஒட்ட முடியாதது என் சுபாவமா, இல்லை இந்த வேலையே இப்படித்தானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கியூஷு_ரயில்:
வேலையின் அமைப்பே அப்படித்தான் தங்கச்சி, உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். 1987-இல் தொடங்கிய திட்டம், ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம், மிஞ்சிப்போனால் 5 வருடம். போகப்போகிறவர் என்று எழுதி வைத்துத்தான் கூட்டி வருகிறார்கள்.

நான் குமாமோட்டோவில் ஒரு தனியார் நிறுவனம் வழியாக வேலை பார்த்தேன். அந்த மாதிரிக் குத்தகை ஒப்பந்தத்தில் எங்களுக்கு வேலை சொல்ல வேண்டியது நிறுவனம்தான், பள்ளி ஆசிரியர் நேரடியாகச் சொல்லக்கூடாது, சொன்னால் தொழிலாளர் சட்டப்படி சிக்கல். ஒரே வகுப்பில் பக்கத்தில் நிற்பவரிடம் 'அடுத்து என்ன செய்யலாம்' என்று கேட்கக்கூடத் தயக்கம்! இப்படி ஒரு ஏற்பாட்டில் நிறையப் பேரைப் பள்ளிக்கு அனுப்புகிறார்களே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான். உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. உங்களை வேலைக்கு வைத்திருப்பது உள்ளாட்சியே. அட்டவணை மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அகிதா பனி:
நான் இங்கே நாலாம் வருடம். அண்ணன் சொன்ன அமைப்பு உண்மைதான், ஆனால் உரிமை என்று போய்க் கேட்டால் காரியம் நடக்காது. துணைத் தலைமையாசிரியரைப் பிடியுங்கள். அறைக்கு நடுவில் எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். எந்த வகுப்பு எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காலையில் வந்ததும் அன்றைய அட்டவணையோடு போய் 'இன்று ஏதாவது மாற்றம் உண்டா?' என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் உங்களைக் கண்டதுமே அவராகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

தொடக்கப் பள்ளியில் 2020-இலிருந்து 5, 6-ஆம் வகுப்புக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடமாகிவிட்டது. பல இடங்களில் அதை நடத்துவது வகுப்பாசிரியர். கணக்கும் நீச்சலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆங்கிலமும் நடத்த வேண்டும். நம்மைக் கண்டால் ஒதுங்குவதற்கு அந்தக் கூச்சம் ஒரு பெரிய காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்களே போய் ஜப்பானிய மொழியில், தப்பும் தவறுமாகவாவது, பேசிப் பாருங்கள்.

அப்புறம், பிள்ளைகளே பள்ளியைச் சுத்தம் செய்யும் துப்புரவு நேரம். விட்டுவிடாதீர்கள். ஈரத்துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்தி, குனிந்தபடியே தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிள்ளைகளோடு ஓடுங்கள். என்னிடம் அதுவரை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்ட கணக்கு ஆசிரியர், அன்றைக்குத்தான் துணியை எப்படிப் பிழிய வேண்டும் என்று பக்கத்தில் வந்து காட்டினார். இப்போது விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுவதும் கூடாரம் கட்டுவதும் நாங்கள் இருவரும்தான்.

முழுக்க அவர்களில் ஒருவர் ஆவோமா என்றால், மாட்டோம். நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

நிஷிகசாய் அம்மா:
நான் ஆசிரியை இல்லை, என் மகன் இங்கே தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். அவன் பள்ளிக்கு ஒரு வெளிநாட்டு ஆசிரியர் வாரம் ஒருமுறை வருவார். மதிய உணவை வகுப்பில் பிள்ளைகளோடுதான் சாப்பிடுவார். மகன் வீட்டுக்கு வந்து பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். 'அவருக்கும் நாட்டோ பிடிக்காதாம் அம்மா' என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான் (நாட்டோ என்றால் இங்கே சாப்பிடும் புளிக்கவைத்த சோயா). தன்னை மாதிரி இன்னொருவர் அந்த அறையில் இருக்கிறார் என்பது அவனுக்கு எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? உங்கள் பள்ளிகளிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்மா. ஆனால் அதற்காக மட்டும் நீங்கள் தங்க வேண்டியதில்லை. தனியாக இருக்கிறீர்கள், உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையோரம்:
மூன்று பேருக்கும் மிக்க நன்றி. வகுப்பாசிரியர்களின் கூச்சத்தை நான் யோசித்ததே இல்லை. நாளைக்கே துணைத் தலைமையாசிரியரிடம் போகிறேன், காலணி அலமாரியில் என் பெயரை ஒட்டலாமா என்றும் கேட்டுவிடுகிறேன். அகிதா அக்கா, ஒரு சந்தேகம். சில நாட்கள் மதிய உணவு முடிந்ததும் நான் அடுத்த பள்ளிக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. துப்புரவு நேரத்துக்கு இருக்க முடியாதே?

அகிதா பனி:
அந்த நாட்களில் விடுங்கள். நடுநிலைப் பள்ளியில் நாள் முழுக்க இருப்பீர்கள் அல்லவா, அங்கே ஆரம்பியுங்கள். எந்த வகுப்போடு சேரலாம் என்று துணைத் தலைமையாசிரியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.