பொருள்: கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட் – தமிழில் என்ன சொல்வது? (அவசரம்)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கல்லூரி ஆசிரியர்களுக்கான பாடத்திட்ட வடிவமைப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது: கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட். கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் முன்வைத்த கருத்து. பாடம் முடிந்ததும் மாணவருக்கு எது கைவர வேண்டும், அதற்காக வகுப்பில் அவர் என்ன செய்கிறார், தேர்வில் எதைக் கேட்கிறோம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரவேண்டும் என்பது. இப்போதைக்கு ‘ஆக்கபூர்வ ஒழுங்கமைவு’ என்று போட்டிருக்கிறோம். மனம் ஒப்பவில்லை.

– க.

*

க. ஐயா,

‘ஆக்கபூர்வ’ வேண்டவே வேண்டாம். ஆக்கபூர்வமான விமர்சனம் என்றால் நன்மை தரும் விமர்சனம். இங்கே வருவது அதுவல்ல. அறிவை ஆசிரியர் எடுத்துக் கொடுத்துவிட முடியாது, மாணவர்தான் தம் முயற்சியில் அதைக் கட்டியெழுப்புகிறார் என்ற கொள்கையிலிருந்து வந்த அடைமொழி இது. கொள்கையே சொல்லில் இல்லாமல் போனால் கையேட்டைப் படிக்கும் ஆசிரியர் படிவங்களை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்.

பாடத்திட்டத்தில் ‘இரு கோட்பாடுகளை ஒப்பிட்டு மதிப்பிடுவர்’ என்று எழுதுகிறோம். தேர்வில் ‘வரையறை தருக’ என்று கேட்கிறோம். மாணவர் வரையறையைத்தான் மனப்பாடம் செய்வார், அவரை எப்படிக் குறை சொல்வது? இந்த முரணைச் சுட்டத்தான் அந்தச் சொல்லே பிறந்தது.

என் பரிந்துரை: பொருளாக்க இயைபு.

– செ.

*

செ. அம்மா,

பொருளாக்கம் என்றதும் தொழிற்சாலை உற்பத்திதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இயைபு அருமையான சொல். தொல்காப்பியர் சொல்லும் எட்டு வனப்புகளில் ஒன்று. யாப்பில் இயைபுத் தொடை அடியின் இறுதியில் வருவது. தேர்வும் பாடத்தின் இறுதியில்தானே வருகிறது! இயை, இசை இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. வாயில் வாசலாகவும் உயிர் உசிராகவும் திரிவதைப் பாருங்கள்.

முன்பகுதிக்கு நன்னூலிடம் போவோம். ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ பாடம் சொல்லச் சொல்கிறது. ஆகவே, கொள்வகை இயைபு.

– ந.

*

ந. ஐயா சொன்ன நூற்பாவில் செயல் ஆசிரியருடையது. மாணவர் கொள்ளும் வகையை அவர் அறிகிறார், அதற்கேற்பக் கொடுக்கிறார். நமக்கு மாணவரின் செயல் வேண்டும். அப்புறம், ‘கொள்’ என்றால் இன்று கொள்முதல்தான் பலர் காதில் விழும்.

– செ.

*

அம்மா, கற்றுக்கொள் என்பதிலும் அதே ‘கொள்’தான் இருக்கிறது. செயலின் பயன் செய்பவரையே சேர்வதைக் காட்டும் துணைவினை அது. ‘கற்பி’ என்பதோடு அது ஒட்டுவது அரிது. அறிவை மாணவரே கட்டிக்கொள்கிறார் என்று நீங்கள் எழுதும் விளக்கத்துக்கும் அந்தத் துணைவினை வேண்டியிருக்கிறதே. கொள்கையை நம் இலக்கணம் ஒரு துணைவினையில் வைத்திருக்கும்போது அதை விடுவதற்கு எனக்கு மனமில்லை.

– ந.

*

நண்பர்களே, இதைப் படிக்கப்போவது இயற்பியலும் கணக்கியலும் நடத்தும் ஆசிரியர்கள். அவர்களுக்கு யாப்பு வகுப்பு எடுக்க நேரமில்லை. வண்டிச் சக்கரத்துக்கு அலைன்மென்ட் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். ‘கற்றல் அலைன்மென்ட்’ என்றே எழுதுங்கள். தமிழ்தான் வேண்டுமென்றால் ‘நேர்ப்படுத்தல்’.

– மு.

*

நேர்ப்படுத்தலை நானும் ஏற்கிறேன், வேறு காரணத்துக்காக. இயைபு, இசைவு எல்லாம் புகழ்ச்சொற்கள். இயைபு வேண்டாம் என்று யார் வாதாடுவார்? ஆனால் இந்த அணுகுமுறையின் அடிப்படையை மறுத்தவர்கள் உண்டு. மாணவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாமல் போகும் அளவுக்குத்தான் கல்வி வெற்றி பெறுகிறது என்று பிரிட்டிஷ் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இலேயே எழுதினார். இலக்கியமோ வரலாறோ நடத்துபவர்களுக்கு அந்தக் கவலை இன்றும் உண்டு. கலைச்சொல்லே ஒரு பக்கம் சாயக்கூடாது.

இன்னொன்று. கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் 1956 வகைப்பாட்டில் படிநிலைகள் பெயர்ச்சொற்களாக இருந்தன. 2001 திருத்தத்தில் வினைகளாயின: நினைவுகூர், புரிந்துகொள், உருவாக்கு என்று. செய்வதைப் பற்றிய துறைக்குத் தொழிற்பெயர்தான் பொருந்தும்.

– வே.

*

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்ததில் இயைபு பக்கம்தான் கூடுதல் பேர். முன்பகுதிக்கு, செ. அம்மா தனிமடலில் தந்த ‘கற்போர்வழி’. ஆக, கற்போர்வழி இயைபு. முதல் இடத்தில் மட்டும் மூலச்சொல்லை ஒலிபெயர்த்துப் பக்கத்தில் தருகிறோம். வே. சொன்ன ஸ்டென்ஹவுஸ் மறுப்பு முன்னுரையில் ஒரு பத்தியாக வரும்.

– க.

*

சரி, முன்னுரைப் பத்திக்கு நன்றி. ஆனால் முன்னுரையைத் தாண்டிப் போகிறவர்கள் சொல்லை மட்டும்தான் எடுத்துப் போவார்கள். இயைபுக்கு என் மறுப்பைக் குழுமப் பதிவில் வைத்திருங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன்.

– வே.