ஹோம் ஸ்டேஜிங்: ‘விற்பனைக்கோலம்’ எனலாமா?

சொல்லாக்கக் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

விற்கப்போகும் வீட்டை, பார்க்க வருகிறவர்களுக்காகச் சீர்செய்து வைக்கும் ‘ஹோம் ஸ்டேஜிங்’ வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று பெங்களூரு அன்பர் கேட்டிருந்தார். இல்ல அரங்கமைப்பு, மனையொப்பனை, வீட்டுப் புனைவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மும்பையில் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதே வேலையைச் செய்து கொடுக்கிறவள் நான். மூன்றில் எதையும் ஏற்க மனம் வரவில்லை.

முதலில் அரங்கு. ஆங்கிலத்தில் ‘ஸ்டேஜ்’, அதாவது மேடை, வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1972-இல் சியாட்டில் வட்டாரத்தில் இதைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் பார்ப் ஷ்வார்ஸ், நாடக அனுபவம் உள்ள வீட்டுத் தரகர். அவருக்கு மேடை நினைவுக்கு வந்தது இயல்பு. நமக்கு அது ஒட்டாது. மும்பைத் தமிழர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் ஊரில் அரங்கு என்றால் வீட்டின் உள்ளறை; நெல்லும் பாத்திரபண்டங்களும் வைத்துப் பூட்டுகிற இடம். வெளியார் எட்டிப் பார்க்காத அறையின் பெயரை, வெளியாருக்குக் காட்டுகிற வேலைக்கு எப்படி வைப்பது?

மனை என்பதற்கு வீடு என்ற பொருள் இலக்கியத்தில் இருக்கிறது. ஆனால் இன்று ‘மனை விற்பனைக்கு’ என்று விளம்பரம் வந்தால் காலி நிலம் என்றுதான் எல்லாரும் படிக்கிறோம். காலி நிலத்துக்கு என்ன ஒப்பனை செய்வது?

ஒப்பனை, புனைவு என்ற இரண்டையும் நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

செம்பூரில் ஒரு பழைய கட்டடம். ஒரு படுக்கையறை வீடு. கூடத்தில் பாதியை இரும்பு பீரோவும் பெரிய சோபாவும் அடைத்துக்கொண்டிருந்தன. ஜன்னல் கிரில் முழுக்கத் துணிக்கொடி. சாமி அலமாரிக்கு மேலே ஊதுவத்திப் புகை படிந்து சுவர் கறுத்திருந்தது. சோபாவையும் மூட்டைகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். கொடியை அவிழ்த்துக் கண்ணாடியைக் கழுவியதும் கூடத்தில் அடுப்படி வரை வெளிச்சம் வந்தது. கரியைத் தேய்த்து அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தோம். குடும்பப் படங்களை இறக்கிவைத்தோம். வருகிறவர் அங்கே தங்கள் குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஸ்டேஜிங்.

படுக்கையறையில் சிக்கல் வந்தது. குளியலறையை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். பூச்சு பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் கையோடு வந்தது. பீரோவை இழுத்து அங்கே நிறுத்திவிடலாம் என்றார் தரகர். “எல்லாரும் செய்வதுதானே அம்மா” என்று வீட்டுக்கார மாமியும் என்னைப் பார்த்தார். நான் உடன்படவில்லை. குழாய்க் கசிவை அடைக்கச் செய்து, சுவரை மறைக்காமல் விட்டு, பிளம்பர் கொடுத்த ரசீதை வருகிறவர்களிடம் காட்டச் சொன்னேன். மழைக்காலத்தில் வீடு பார்க்க வருகிற மும்பைக்காரர்கள் கதவைத் தாண்டியதும் சுவரைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். அவர்களிடம் பீரோ எத்தனை நாள் தாங்கும்?

காட்டுவதற்கும் மறைப்பதற்கும் நடுவே சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு: வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். புதுக் கட்டடங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ‘ரெரா’, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் 12-ஆவது பிரிவு மாதிரி வீட்டையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதில் கண்ட தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். உள்கதவுகளை மாட்டாமல், அளவு குறைந்த கட்டிலைப் போட்டு அறையைப் பெரிதாகக் காட்டும் மாதிரி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை தெரியும்.

ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். உள்ளதை நன்றாகக் காட்டுவதற்கு ஒன்று. உள்ளதை மறைப்பதற்கு ஒன்று. புனைவு என்றால் இன்று கதை. ஒப்பனை என்றால் முகத்தின் மேல் வேறொரு முகம். இரண்டும் மறைக்கிற பக்கமே சாய்கின்றன. மறைப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே அச்சாக ஒரு சொல் இருக்கிறது: பூசிமெழுகல். ஓதச் சுவருக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

காட்டுவதற்கு நான் முன்வைப்பது ‘விற்பனைக்கோலம்’. மணக்கோலத்தில் இருக்கிற பெண் வேறு பெண் ஆகிவிடுவதில்லை. ஒரு நாளுக்கு, ஊரறிய, அவளுக்கு உள்ள அழகைத் துலக்கி நிறுத்துகிறோம், மறுநாள் களைந்துவிடுகிறோம். தற்காலிகம், வெளிப்படை, சீர் ஆகிய மூன்றும் கோலம் என்ற சொல்லுக்குள் இருக்கின்றன. இது இல்லாத நிலைக்கும் அலங்கோலம் என்று சொல் தயாராக இருக்கிறது. ‘விலைக்கோலம்’ என்றால் இன்னும் சுருக்கம்தான். ஆனால் விலை என்ற முன்னொட்டு சில இடங்களில் தரும் பொருளை நினைத்துத் தவிர்த்தேன்.

வாசலில் போடுகிற கோலத்தோடு குழம்பாதா என்று நம் குழுமத்துத் தில்லி நண்பர் கேட்கக்கூடும். நகரம் விழாக்கோலம் பூண்டது என்று நாளிதழில் படிக்கும்போது யாரும் அரிசி மாவைத் தேடுவதில்லை. அடைசொல் முன்னால் நிற்கும்வரை குழப்பம் வராது.

கூடவே இரண்டு சொற்கள். அடைசலை அப்புறப்படுத்தும் ‘டீகிளட்டரிங்’ என்பதற்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். இடத்தை ஒழித்து வை என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த ‘ஒழித்தல்’ போதும். வெற்று அறையின் புகைப்படத்தில் கணினியால் சோபாவும் கட்டிலும் சேர்க்கிற ‘வர்ச்சுவல் ஸ்டேஜிங்’ வேலையைப் ‘படக்கோலம்’ எனலாம். அப்படிப்பட்ட படத்தின் கீழ் ‘படக்கோலம் செய்தது’ என்று அச்சிடும் வழக்கமும் சொல்லோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வினையில்தான் எனக்கு முடிவு எட்டவில்லை. வீட்டுக்கு விற்பனைக்கோலம் செய்தல், பூட்டுதல், புனைதல் என்ற மூன்றில் செய்தலே எளிது என்று படுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். நான் குடும்பங்களுக்குக் கொடுக்கும் வேலைப்பட்டியலைத் தமிழில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். சொல் உறுதியானதும் அதிலேயே போட்டுப் புழங்கத் தொடங்கிவிடுவேன்.